ஒரு பிளாக்கை வித்தா, எதை விக்கிறோம்?

இந்த எபிசோட்ல ஒரு விற்பனைக் கதையைப் பார்க்கப் போறோம்.

2005 அக்டோபர் 6. அமெரிக்காவுல ஏஓஎல் கம்பெனி, வெப்லாக்ஸ் இன்க்னு ஒரு சின்ன கம்பெனியை வாங்குறதா அறிவிச்சது. விலையை அதிகாரபூர்வமா சொல்லலை. செய்திகள்ல வந்த தொகை சுமார் 2.5 கோடி டாலர். அன்னைக்கு ரேட்டுக்கு நம்ம கணக்குல 110 கோடி ரூபாய் பக்கம்.

இந்த கம்பெனிக்கு சொந்தமா அச்சகம் கிடையாது. பேப்பர் ஸ்டாக் கிடையாது. ஊருக்கு ஊர் ஏஜென்ட் கிடையாது. இருந்தது 80-க்கும் மேற்பட்ட வலைப்பதிவுகள். கேட்ஜெட், கார், வீடியோ கேம், ஆப்பிள் கம்ப்யூட்டர்னு ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒண்ணு. எழுதினவங்கள்ல பெரும்பாலானவங்க ஃப்ரீலான்ஸர்ஸ், பதிவுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கி அவங்கவங்க வீட்ல உட்கார்ந்து எழுதினவங்க.

அப்போ ஏஓஎல் 110 கோடி குடுத்து வாங்கினது எதை? இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா 2005-ல இருந்து ஒரு 200 வருஷம் பின்னாடியும், 20 வருஷம் முன்னாடியும் போகணும்.

முதல்ல வித்தவரைப் பார்ப்போம். பேர் ஜேசன் கலகானிஸ். 1996-ல நியூயார்க்ல சிலிக்கான் ஆலி ரிப்போர்ட்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சார். ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்குற சில பக்க செய்தி மடல் அது. டாட்காம் காலத்துல விளம்பரம் கொட்ட, அதுவே தடியான கலர் பத்திரிகையா மாறுச்சு. உச்சத்துல இருந்தப்போ வாங்க ஆள் வந்ததா அவரே பின்னாடி சொல்லியிருக்கார். அப்போ அவர் விக்கலை. 2000, 2001-ல டாட்காம் கம்பெனிகள் வரிசையா விழுந்ததும் அவங்க குடுத்துட்டிருந்த விளம்பரமும் சேர்ந்தே போச்சு. பத்திரிகையோட மதிப்பும் கரைஞ்சு போச்சு.

2003-ல பிரையன் ஆல்வியோட சேர்ந்து அவர் வெப்லாக்ஸ் இன்க் ஆரம்பிச்சப்போ, இந்த அனுபவம் மனசுல இருந்திருக்கும்னு நினைக்கிறேன். ஏன்னா இந்தத் தடவை ரெண்டே வருஷத்துல வித்துட்டார்.

அந்தக் காலத்துல அவருக்குப் பெரிய போட்டி நிக் டென்டன், காக்கர் மீடியா ஓனர். டென்டன்கிட்ட கிஸ்மோடோன்னு ஒரு கேட்ஜெட் தளம் 2002-ல இருந்து ஓடிட்டிருந்தது. அதைத் தினமும் எழுதிக் கட்டி எழுப்பினவர் பீட்டர் ரோஹாஸ். கலகானிஸ் அவரைக் கூப்பிட்டு, சம்பளத்தோட கம்பெனியிலயே பங்கு தர்றேன்னு சொன்னார். ரோஹாஸ் வந்துட்டார். 2004 மார்ச்ல எங்கட்ஜெட் ஆரம்பமாச்சு. கொஞ்ச நாள்லயே கிஸ்மோடோவுக்குச் சமமா நின்னுச்சு.

இதைக் கொஞ்சம் கவனிங்க. கிஸ்மோடோங்கிற பேரும் டொமைனும் பழைய பதிவுகளும் டென்டன்கிட்டயே பத்திரமா இருந்துச்சு. ரோஹாஸ் எடுத்துட்டுப் போனது தன்னோட கையை மட்டும்தான். ஆனா வாசகர்கள்ல ஒரு பெரிய கூட்டம் அந்தக் கைக்குப் பின்னாடி போயிடுச்சு. நம்ம ஊர்ல டீக்கடை மாஸ்டர் அடுத்த தெருவுல தனிக்கடை போட்டா என்ன நடக்குமோ, அதேதான்.

சரி, இப்போ விக்கிறதுக்குத் தயார் பண்ற கதைக்கு வருவோம்.

வீடு விக்கிறவங்க தாய்ப்பத்திரத்தை எடுத்து வைப்பாங்க. வாங்குறவங்க வில்லங்கம் போட்டுப் பார்ப்பாங்க. வலைப்பதிவுக்கும் அப்படித்தான். டொமைன் யார் பேர்ல இருக்கு, வருமானம் உண்மையா, எழுதினதெல்லாம் யாருக்குச் சொந்தம், இன்னைக்கு எழுதுறவர் நாளைக்கு வரலைன்னா கடை ஓடுமா. கேள்வி இந்த நாலுதான்.

வருமானக் கேள்விக்கு கலகானிஸ் வித்தியாசமா பதில் சொன்னார். கூகுள் 2003-ல ஆட்சென்ஸை ஆரம்பிச்சிருந்தது. விளம்பரம் பிடிக்க ஆள் வைக்காமலேயே சின்னத் தளங்களுக்கும் காசு வர ஆரம்பிச்ச நேரம் அது. ஆட்சென்ஸ்ல மட்டுமே வருஷத்துக்கு 10 லட்சம் டாலர்ங்கிற அளவை நோக்கிப் போயிட்டிருக்கோம்னு 2005-ல தன் பக்கத்துலயே வெளிப்படையா எழுதினார். வழக்கமா கம்பெனிகள் மூடி வைக்கிற கணக்கு இது. வாங்க நினைக்கிறவங்க அத்தனை பேரும் படிக்கிற இடத்துல அதைப் போட்டா, விற்பனைக்குன்னு போர்டு மாட்டாமலேயே போர்டு மாட்டின மாதிரி.

நாலாவது கேள்விக்குப் பதில், 80 வலைப்பதிவுகளும் ஒரே இன்ஜின்ல ஓடினது. ஆல்வி எழுதின பிளாக்ஸ்மித்ங்கிற சாஃப்ட்வேர் அது. ஒருத்தர் போனா அந்த இடத்துல இன்னொருத்தரை உட்கார வைக்கலாம். நம்ம பாஷையில சொன்னா, கேடி குடுக்கிறது ஈஸி. அந்த சாஃப்ட்வேரும் விற்பனையில சேர்ந்தே போச்சு. ஏஓஎல் அதைத் தன்னோட மத்த தளங்களுக்கும் பயன்படுத்துச்சு.

எழுதினது யாருக்குச் சொந்தம்ங்கிறதுதான் கஷ்டமான கேள்வி. அமெரிக்கச் சட்டப்படி ஃப்ரீலான்ஸர் எழுதின கட்டுரையோட காப்புரிமை, எழுதிக் குடுத்தா ஒழிய, எழுதினவர்கிட்டதான் இருக்கும். பத்திரிகைகள் ரொம்ப நாளா இதைப் பெருசா கண்டுக்கலை. பழைய கட்டுரைகளை அப்படியே கம்ப்யூட்டர் டேட்டாபேஸ்களுக்குக் குடுத்துட்டிருந்தாங்க. ஜோனத்தன் டாசினின்னு ஒரு எழுத்தாளரும் சில சக எழுத்தாளர்களும் நியூயார்க் டைம்ஸ் மேல கேஸ் போட்டாங்க. 2001 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2-ன்னு எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு.

எழுத்தாளர்களுக்கு நல்ல தீர்ப்புதான். ஆனா அதோட விளைவு வேற மாதிரி வந்துச்சு. 'எல்லா உரிமையையும் நிறுவனத்துக்கு எழுதித் தர்றேன்'னு ஒரு வரி, ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தங்கள்ல வழக்கமாவே ஆயிடுச்சு. அந்தக் கையெழுத்து இல்லைன்னா வாங்குறவருக்கு வில்லங்கம். எழுதுறவங்களுக்கு ஜெயிச்ச கேஸ்தான், அவங்ககிட்ட முன்கூட்டியே எழுதி வாங்கிக்கிற பழக்கத்தை வேகப்படுத்துச்சு. டாசினிங்கிற பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, அவர் திரும்ப வருவார்.

ஏஓஎல் ஏன் வாங்குச்சு? டயல்-அப் இன்டர்நெட் வித்து வளர்ந்த கம்பெனி அது. 2002 வாக்குல அமெரிக்காவுல மட்டும் 2.6 கோடிக்கு மேல சந்தாதாரர்கள். பிராட்பேண்ட் வந்ததும் அவங்க வேகமா கழண்டுக்க ஆரம்பிச்சாங்க. சந்தா போனா விளம்பரத்துல பிழைக்கணும். விளம்பரத்துக்குப் பக்கம் வேணும். பக்கத்துக்கு தினமும் திரும்பி வர்ற ஆட்கள் வேணும். அந்த ஆட்கள் எங்கட்ஜெட்ல இருந்தாங்க.

'திரும்பி வர்ற ஆட்கள்'ங்கிற இந்த விஷயத்துக்கு வணிக உலகத்துல ஒரு பழைய பேர் இருக்கு. குட்வில். நம்ம ஊர்ல கடை கைமாறும்போதும் 'சரக்கு இவ்வளவு, குட்வில் இவ்வளவு'ன்னு தனியா பேசுவாங்க இல்லையா, அதுதான்.

1810-ல இங்கிலாந்துல ஒரு கேஸ். மேற்கு இங்கிலாந்துல இருந்து லண்டனுக்கு சரக்கு வண்டி ஓட்டின ஒருத்தர் திவாலாயிட்டார். கடன்காரங்களுக்காக அவர் தொழிலை ஏலத்துல வித்தாங்க. அதுக்கப்புறம் அவரே திரும்ப வந்து வண்டி ஓட்ட ஆரம்பிச்சார். வாங்கினவர் கோர்ட்டுக்குப் போனார். லார்ட் எல்டன்ங்கிற நீதிபதி, குட்வில்ங்கிறது பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வருவாங்கங்கிற வாய்ப்பு, அவ்வளவுதான்னு விளக்கினார். வாய்ப்பைத்தான் நீ வாங்கியிருக்க, பழைய ஓனர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு தடுக்க முடியாதுன்னு சொல்லிட்டார்.

அதனாலதான் விக்கிறவர்கிட்ட 'இதே தொழிலைத் திரும்ப ஆரம்பிக்க மாட்டேன்'னு தனியா எழுதி வாங்குற ஷரத்து இவ்வளவு முக்கியமாச்சு. இந்த இடத்துல நம்ம ஊருக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கு. நியூயார்க்ல டேவிட் டட்லி ஃபீல்டுன்னு ஒரு வக்கீல், சிவில் சட்டங்களுக்கு ஒரு வரைவு எழுதினார். அதுல தொழில் பண்ணாதேன்னு கட்டுப்படுத்துற ஒப்பந்தம் செல்லாது, ஆனா குட்வில்லை வித்தவரைக் கட்டுப்படுத்தலாம்னு ஒரு விதி. கலிஃபோர்னியா 1872-ல அதை எடுத்துக்கிச்சு. அதே 1872-ல பிரிட்டிஷ் இந்தியாவுல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 27-வது பிரிவுக்கும் மூலம் அதே வரைவுதான். அந்தப் பிரிவு இன்னைக்கும் அமல்ல இருக்கு. வேலையை விட்ட பிறகு போட்டி கம்பெனியில சேரக் கூடாதுன்னு ஆஃபர் லெட்டர்ல ஒரு வரி பார்த்திருப்பீங்க. அதை நம்ம கோர்ட்டுகள் பொதுவா செல்லாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இந்தப் பிரிவு. ஆனா உங்க தொழிலை குட்வில்லோட வித்தீங்கன்னா, நியாயமான எல்லைக்குள்ள அந்த வாக்குறுதி உங்களைக் கட்டும்.

சுருக்கமா, வித்தவரைக் கட்டிப் போடலாம். வேலை பார்க்கிறவரை அந்த மாதிரி கட்டிப் போடுறது கஷ்டம். ஏஓஎல் கதை முழுக்க இந்த இடைவெளியிலதான் நடக்குது.

2010 செப்டம்பர் 28. சான் ஃபிரான்சிஸ்கோவுல டெக்கிரஞ்ச் நடத்தின மாநாடு. நிறுவனர் மைக்கேல் ஆரிங்டனும் ஏஓஎல் தலைவர் டிம் ஆம்ஸ்ட்ராங்கும் மேடையிலயே விற்பனைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாங்க. 2005-ல ஆரிங்டன் தன் வீட்ல இருந்து ஆரம்பிச்ச வலைப்பதிவு அது. 2007-லயே ஹெதர் ஹார்ட்ங்கிறவரை சிஇஓவா கொண்டு வந்து, ஒருத்தர் கையை மட்டும் நம்பாத கம்பெனியா மாத்தி வெச்சிருந்தார். செய்திகள்ல வந்த விலை 2.5 கோடியில இருந்து 3 கோடி டாலர். எழுதுறதுல யாரும் தலையிட மாட்டாங்கன்னு உறுதியும் குடுத்தாங்க.

ஒரு வருஷம் கூட முழுசா ஆகலை. ஸ்டார்ட்அப்களைப் பத்தி எழுதுறவரே ஸ்டார்ட்அப்ல முதலீடு பண்ற ஃபண்ட் ஆரம்பிக்கிறாரேன்னு சர்ச்சை ஆகி, 2011 செப்டம்பர்ல ஆரிங்டன் வெளிய போனார். அடுத்த சில மாசத்துல ஹார்ட், முக்கிய எழுத்தாளர்கள்னு ஒவ்வொருத்தரா கிளம்பினாங்க. அதுல சாரா லேசி 2012 ஜனவரியில பாண்டோடெய்லின்னு சொந்தத் தளம் ஆரம்பிச்சார்.

எங்கட்ஜெட்லயும் அதே வருஷம் இதே கதைதான். 2011 பிப்ரவரியில 'தி ஏஓஎல் வே'ங்கிற உள் ஆவணம் வெளிய கசிஞ்சது. ஒரு விஷயத்தை எழுதலாமான்னு முடிவு பண்ண நாலு அளவுகோல். முதல்ல டிராஃபிக், ரெண்டாவது வருமானம், தரம்ங்கிறது மூணாவது, கடைசியா எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம். ஒரு கட்டுரைக்குச் சராசரியா 1,500 பார்வைகள் வர்றதை 7,000 ஆக்கணும்னு இலக்கு. சில வாரத்துல எடிட்டர் ஜோஷுவா டோபோல்ஸ்கியும் டீம்ல பல பேரும் கிளம்பிட்டாங்க. அந்த வருஷம் நவம்பர்ல தி வெர்ஜ் ஆரம்பமாச்சு. அந்த வாரிசுத் தளம் இன்னைக்கும் ஓடுது.

கிஸ்மோடோவுல இருந்து ஆளைப் பிரிச்சு எங்கட்ஜெட் பிறந்தது. எங்கட்ஜெட்ல இருந்து ஆட்கள் பிரிஞ்சு வெர்ஜ் பிறந்தது. நடுவுல 2.5 கோடி டாலர் குடுத்தவங்க கையில பேர் நின்னுச்சு.

அப்போ எழுதினவங்க எப்பவுமே தப்பிச்சுடுவாங்களா? அதுக்கு அதே 2011 பிப்ரவரியில நடந்த இன்னொரு விற்பனையைப் பார்க்கணும். ஏஓஎல் ஹஃபிங்டன் போஸ்ட்டை 31.5 கோடி டாலருக்கு வாங்குச்சு. அங்க சம்பளத்துக்கு எழுதினவங்களைத் தவிர, ஆயிரக்கணக்கான பேர் காசு வாங்காம எழுதிட்டிருந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர், நம்ம டாசினி. விற்பனைக்கு அப்புறம், ஏப்ரல்ல, சுமார் 9,000 பேர் சார்பா 10.5 கோடி டாலர் பங்கு கேட்டு கேஸ் போட்டார். இந்த மதிப்புல எங்க உழைப்பும் இருக்குன்னு வாதம்.

2012 மார்ச்ல நீதிபதி அதைத் தள்ளுபடி பண்ணினார். காசு வராதுன்னு தெரிஞ்சேதான் எழுதினீங்க, வித்த பிறகு பேச்சை மாத்த முடியாதுன்னு அர்த்தம். அந்த வருஷக் கடைசியில மேல்முறையீட்டுலயும் அதே முடிவு. 2001-ல ஜெயிச்ச அதே மனுஷன் இங்க தோத்தார். சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியா இருக்கலாம். ஆனா ரோஹாஸையும் இந்த 9,000 பேரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் எழுதினாங்க, ரெண்டு பக்கமும் வாசகர்களைச் சேர்த்தாங்க. ரோஹாஸ் ஆரம்பத்துலயே பங்கைக் கேட்டு எழுதி வாங்கியிருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அது ரொம்பப் பெரிய வித்தியாசம்.

கதையோட கடைசிப் பகுதிக்கு வந்துட்டோம். 2005-ல வித்த கட்டுல ஆப்பிள் ரசிகர்களுக்கான ஒரு வலைப்பதிவு இருந்துச்சு. டியூஏடபிள்யூன்னு சுருக்கமா கூப்பிடுவாங்க. 2015 பிப்ரவரியில ஏஓஎல் அதை மூடிடுச்சு. அதே வருஷம் ஏஓஎல்லை வெரைசன் 440 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2021-ல வெரைசன் தன் மீடியா பிரிவை அப்போலோங்கிற முதலீட்டு நிறுவனத்துக்கு வித்து, அது யாஹூங்கிற பேருக்கு மாறுச்சு. ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள்ள பெட்டியா அந்தச் செத்துப்போன டொமைனும் கைமாறிட்டே இருந்துச்சு.

2024-ல ஒரு கம்பெனி அந்தப் பேரை மட்டும் யாஹூகிட்ட இருந்து வாங்குச்சு. பழைய கட்டுரைகள் அந்த விற்பனையில இல்லை. இணையக் காப்பகத்துல இருந்த பழைய பிரதிகளை வெச்சு, ஏஐ மூலமா மாத்தி எழுதிப் போட்டாங்க. அதுக்குக் கீழ எழுதினவர் பேர் வேணும் இல்லையா? பத்து வருஷத்துக்கு முன்னாடி அங்க எழுதின நிஜ மனுஷங்களோட பேரையே போட்டு, பக்கத்துல இல்லாத முகங்களைப் படமா வெச்சாங்க. ஒரு பழைய எழுத்தாளர் தன் பேர்ல தான் எழுதாத கட்டுரைகள் வர்றதைப் பார்த்து வெளிய சொன்ன பிறகுதான் விஷயம் பெருசாச்சு. அப்புறம் பேர்களை மாத்தினாங்க.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு இப்போ பதில் சொல்லலாம். வாங்குறவருக்குக் கிடைக்கிறது பழைய ஆட்கள் பழைய இடத்துக்கு வருவாங்கங்கிற வாய்ப்பு. எல்டன் 1810-ல சொன்னதுதான். எழுதுற கை அதுல சேராது, அது எழுந்து போயிடும். அந்தக் கையும் விற்பனையில சேர முடியாதுங்கிறதுதான் இத்தனை வருஷமும் எழுதுறவங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. 2024-ல நடந்தது என்னன்னா, கை இல்லாமலேயே அந்தக் கை எழுதின மாதிரி காட்ட முடியும்னு ஒருத்தர் முயற்சி பண்ணிப் பார்த்துட்டார்.

நீங்க சொந்தமா ஒரு பக்கம் நடத்துறீங்கன்னா, விக்கிற எண்ணம் இல்லைன்னாலும் டொமைன் யார் பேர்ல இருக்கு, யார் யார்கிட்ட எழுத்துல என்ன வாங்கியிருக்கீங்கன்னு இந்த வாரம் ஒரு தடவை பாருங்க. இன்னொருத்தர் பக்கத்துல எழுதுறீங்க, எடிட் பண்றீங்க, வாய்ஸ் குடுக்குறீங்கன்னா, பங்கு பத்தின பேச்சை முதல் மாசத்துலயே பேசிடுங்க. கூடவே ஒரு வரியும் சேர்த்துக் கேளுங்க: 'நான் உருவாக்காத எதுக்கும் என் பேரைப் போடக் கூடாது.' 2005-ல இப்படி ஒரு வரி தேவைப்படும்னு யாருக்கும் தோணியிருக்காது.